துணி கட்டி மொண்ட தண்ணீர்

காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். கடையை மூடப்போவதாக முதலாளி சொன்ன வாரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரே தாளைக் கொண்டுவந்து ஆளுக்கொரு நகல் கேட்டார்கள். ஊரணிகளையும் கண்மாய்களையும் பராமரிக்கும் ஓர் அமைப்பின் அறிவிப்பு அது. கள உதவியாளர் வேலைக்கு ஆள் தேவை, பன்னிரண்டாம் வகுப்பு போதும் என்று இருந்தது. ஆனால் ஓராண்டு தன்னார்வலராக இருந்ததற்கான சான்றிதழ் வேண்டும். அது இல்லாதவர்கள் தங்களிடமே ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்து வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒன்று எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கணவர் இறந்தபின் ஒன்பது வருடமாகத் தம்பி வீட்டில் இருந்தேன். அரிசி மூட்டைகளும் ஓடாத மிக்ஸியும் கிடக்கும் பின்னறையில் படுக்கை. தம்பி எதற்கும் வாயைத் திறக்கமாட்டான். அவன் மனைவி அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். அந்த வேலை கிடைத்தால் தனியாக ஓர் அறை பிடித்துக்கொண்டு போய்விடலாம். இதுதான் காரணம். சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை.

எனக்கு ஆட்களிடம் பேச வராது. போன் செய்வதென்றாலும் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் செய்வேன். நாலு பேர் முன்னால் என் பெயரைக் கூப்பிட்டாலே கழுத்து வேர்த்துவிடும். பயிற்சியின் முதல் நாளன்று அமைப்பின் அலுவலகக் கூடத்துக்குள் நுழைந்தபோது, அங்கே உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் கல்லூரிப் பிள்ளைகளாக இருந்தார்கள். வாசல் பக்கம் இருந்த பெண் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, மகளிர் குழு மீட்டிங் மாடியில" என்றாள். நான் திரும்பிப் படியேறிப் போய்விட்டேன். மாடியில் தண்ணீர்த் தொட்டியும் கொடியில் காயும் துணியும்தான் இருந்தன. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு இறங்கி வந்தபோது கூடம் முழுவதும் சிரித்தது. ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். நான் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துப் படித்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

எங்களை நடத்திய ஒருங்கிணைப்பாளர் இருபத்தாறு வயதுப் பெண். மேல்படிப்புப் படித்தவள், வெளியூர்க்காரி. அவள் சுவரில் படம் காட்டிப் பாதி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனாள். எனக்குப் பிடிபட்டதை மட்டும் குறித்துக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு காலையில் போக வேண்டும். மூன்று பாட்டில் தண்ணீர் எடுக்க வேண்டும். நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பத்து ஊரணிகளின் தண்ணீரை ஒரு வருடம் சோதித்து, ஆக மோசமாகக் கலங்கிப்போன இரண்டை மட்டும் தூர்வாரப் போகிறார்கள். அவ்வளவுக்குத்தான் அவர்களிடம் நிதி இருந்தது.

எனக்குச் சாக்கோட்டைக்கு அப்பால் ஒரு ஊர் கொடுத்தார்கள். முதல் பேருந்தில் போய் இறங்கினால் விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்ட இடமெல்லாம் உப்பு. அதனால் குடிக்க இன்னமும் ஊரணித் தண்ணீர்தான். நாலு பக்கமும் செம்புறாங்கல் படிகள் இறங்கும். சுற்றுச்சுவருக்கு வெளியிலேயே செருப்பை விட்டுவிட வேண்டும், தண்ணீரில் கால் படக்கூடாது. கடைசிக்கு முந்தின படியில் குந்தி, குடத்தின் அடிப்பாகத்தால் தண்ணீரை இரண்டு தள்ளுத் தள்ளிவிட்டுத்தான் மொள்ளுவார்கள். குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். நான் பிறந்த ஊரிலும் இப்படித்தான். யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஊர் ஒரு காவல்காரரை வைத்திருந்தது. அறுபதை நெருங்கிய மனிதர், இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். கையில் ஒரு கம்பு, கழுத்தில் விசில். ஆடு வந்தாலும் விசில், யாராவது செருப்போடு வந்தாலும் விசில். முதல் நாள் என்னைப் பார்த்தும் ஊதினார். நான் பயந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஒன்றைப் படியில் உருட்டிவிட்டேன். அவரே எடுத்து வெளியில் வைத்தார். அமைப்பிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் அவர் பேச்சு மாறிவிட்டது.

"அப்ப நம்ம ஊரணிய தூர்வாரப் போறீகளா?"

சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். நான் பாட்டிலைத் தண்ணீரில் சாய்த்தபோது கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"அப்படியே மோக்குறீகளே தங்கச்சி. எங்கூருத் தண்ணிய தூசியும் தும்புமாவா கொண்டுபோயிக் காட்டுவீக? பொண்ணு பாக்க வாரவுகளுக்குப் பிள்ளைய மூஞ்சி கழுவித்தான காட்டுவாக."

வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக அவர் ஒரு துணி வைத்திருந்தார். வேட்டியில் கிழித்த துண்டு, அன்றாடம் துவைத்துச் சுவர்மேல் காயப்போட்டிருப்பார். அதை நாலாக மடித்துச் செம்பின் வாயில் கட்டி, தண்ணீரைத் தள்ளிவிட்டு மொண்டு, மூன்று பாட்டிலையும் நிரப்பிக் கொடுத்தார். அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. ஊரணித் தண்ணீரைத் துணி கட்டாமல் எடுத்தால்தான் எனக்குத் தப்பாகத் தெரிந்திருக்கும். பாட்டில்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், கண்ணாடி மாதிரி இருந்தன. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில் தம்பி மனைவி பாட்டில் பையைப் பார்த்துவிட்டு, "ஊரணித் தண்ணிய பாட்டில்ல அடைக்கிறதுக்கு எம்புட்டு மதினி படிக்கணும்?" என்று கேட்டாள். அவளுடைய அக்கா வந்திருந்த அன்று அவள் முன்னாலும் கேட்டாள். பிறகு தெருவில் யார் வந்தாலும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள். நான் திரும்பி வரும்போது சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

அலுவலகத்தில் எனக்கு நகல் எடுக்கத் தெரியும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஞாயிறு போக வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் நகல் எடுத்தேன், டீ வாங்கி வந்தேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மற்ற நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துக் கொடுத்து என் செலவைப் பார்த்துக்கொண்டேன். அப்படி ஒருநாள் புதிதாகத் தமிழில் தயாரித்த வழிமுறைத் தாளைப் பன்னிரண்டு நகல் எடுக்கச் சொன்னார்கள். இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி படித்தேன். ஆறாவதாக இருந்த வரி: தண்ணீரை வடிகட்டாமல், இருக்கும் நிலையிலேயே எடுக்க வேண்டும்.

அதற்குள் நான் நாலு தடவை போய்வந்திருந்தேன்.

அன்றிரவே ஒரு தாளில் எழுதினேன். மேடம், நான் தெரியாமல் நாலு தடவையும் துணி கட்டி எடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று. மறுநாள் அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். நான் போனபோது அவள் ஒரு மாணவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்திருந்தாள். அவன் தனக்குக் கொடுத்த ஊருக்குப் போகாமலே போனதாக நேரம் எழுதியிருக்கிறான். "உன்னால மொத்த டேட்டாவும் குப்பை. ஒரு வருஷ வேலை. உனக்குப் புரியுதா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அப்போதே வெளியே போகச் சொன்னாள். அவன் அழுதுகொண்டே போனான். அவனுக்கு அதனால் ஒன்றும் குறையாது, வேறு எங்காவது சேர்ந்துகொள்வான். நான் டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லி வெளியே போய், அந்தத் தாளைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன்.

ஐந்தாவது தடவையிலிருந்தாவது துணி இல்லாமல் எடுத்திருக்கலாம். அதையும் யோசித்தேன். திடீரென்று தண்ணீர் கலங்கலாக வந்தால் முன்னால் கொடுத்த நாலும் என்னவென்று கேட்பார்கள். அதனால் துணி கட்டியே எடுத்தேன். காவல்காரரிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே துணியைத் தூரப் போட்டிருப்பார். ஒவ்வொரு முறையும் அவர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டு எப்போது தூர்வாருவீர்கள் என்று கேட்பார். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடப்பேன். தண்ணீர் தடவைக்குத் தடவை பச்சையாகிக்கொண்டு வந்தது. படிக்கு அருகில் விரலை விட்டால் நகம் தெரியவில்லை. துணியை இரண்டு முறை அலசிப் பிழிந்து கட்ட வேண்டியிருந்தது.

கோடையில் தூர்வார வேண்டும் என்பதால் வருடம் முடியுமுன்பே, மாசி மாதம் பட்டியல் போட்டார்கள். பத்தில் எங்கள் ஊரணி பத்தாவது. ஆகச் சுத்தமானது. தூர்வாருவது வேறு இரண்டு ஊர்களுக்குப் போய்விட்டது. ஒருங்கிணைப்பாளர் எங்கள் ஊருக்கு வந்து, படிக்கட்டில் காவல்காரரை நிற்க வைத்துப் படம் எடுத்து, இந்த ஊரைப் பார்த்து மற்ற ஊர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசிவிட்டுப் போனாள். தூர்வாருவது பற்றி அவளும் வாயைத் திறக்கவில்லை. அவள் கார் போனதும் அவர் என்னிடம் வந்தார்.

"பத்துல நம்ம தண்ணிதான் சுத்தமாம்ல?"

"ஆமாண்ணே."

"அப்ப நமக்குத்தான மொதல்ல தூர்வாருவாக?"

அவர் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தார். சுத்தமாக வைத்திருக்கும் ஊருக்குத்தான் பரிசு மாதிரி தருவார்கள் என்று. எனக்குத் தெரியவில்லை அண்ணே என்றேன்.

சித்திரையில் தண்ணீர் பாதிப் படிக்கும் கீழே போய்விட்டது. ஆறேழு வீடுகளில் வயிற்றுப்போக்கு. ஒரு குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்று நாள் ட்ரிப் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டது. சுகாதாரத் துறையிலிருந்து வந்து தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் சொன்னதற்கும் எங்கள் தாள்களில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. ஊர்க்காரர்கள் ஒரு மினி வேனில் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். தெருவில் நின்று, இந்தத் தண்ணீரை நீங்கள் ஒரு டம்ளர் குடித்துக் காட்டுங்கள் என்று சத்தம் போட்டார்கள். என் சான்றிதழுக்கு அப்போது இரண்டு வாரம் பாக்கி.

மறுநாள் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள். அமைப்பின் செயலாளர் இருந்தார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அமைதியாகப் பேசுவார். ஒருங்கிணைப்பாளர் அவருக்குப் பக்கத்தில் என் படிவங்களைப் பரப்பி வைத்திருந்தாள். ஊர்க் கமிட்டியின் ஆள் ஒருவரும் இருந்தார். தூர்வாரினால் ஊரணி ஒரு கோடை முழுக்க வறண்டு கிடக்கும், காவலுக்கு வேலை இருக்காது, சம்பளமும் இருக்காது, அதனால் காவல்காரர் ஏதோ செய்திருக்கிறார் என்று அந்த ஆள் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார். ஒருங்கிணைப்பாளருக்கும் அது வசதியாக இருந்தது. வெளியாள் கெடுத்தது என்றால் அவளுடைய மற்ற ஒன்பது ஊரணிகளின் கணக்கும் தப்பிக்கும்.

"பயப்படாம சொல்லும்மா" என்றார் செயலாளர். "பாட்டில அவரு கையில குடுத்தியா?"

தாள் எதுவும் எழுதிக்கொண்டு போகவில்லை. அப்படியிருந்தும் பேச வந்தது.

"ஆமாங்க. அவருதான் துணி கட்டி மோந்து குடுத்தாரு. நான் வேண்டாம்னு சொன்னேன்."

முதலில் சொன்னது உண்மை. கடைசியில் சொன்னது பொய். என் குரல் நடுங்கவில்லை, கழுத்து வேர்க்கவில்லை. ஒரு வருடத்தில் அந்த அலுவலகத்தில் நான் தெளிவாகப் பேசியது அன்றைக்குத்தான். ஒருங்கிணைப்பாளர் எழுதிக்கொண்டாள். அப்போதே ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். பயமாக இருந்தது மேடம் என்றேன். அவர்கள் அதை உடனே நம்பினார்கள். நான் எப்படிப்பட்டவள் என்று அவர்களுக்குத் தெரியும் அல்லவா?

அன்று மாலையே ஊரில் அவரிடமிருந்து கம்பையும் விசிலையும் வாங்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த குழந்தையின் அப்பன் அவரைச் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தினானாம். துணியைத்தானே கட்டினேன், துணியைத்தானே கட்டினேன் என்று அவர் அதையே சொன்னாராம். அவர் மனைவி குடத்தோடு போனால் படியில் இருக்கும் பெண்கள், "துணி கொண்டாந்தியா? ஒன் புருசன் வந்து கட்டிவிடுவாரா?" என்று கேட்டார்கள். அவள் உப்புத் தண்ணீரையே குடிக்கத் தொடங்கினாள். இரண்டு மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இதெல்லாம் நான் போய்ப் பார்த்ததில்லை. ஒருங்கிணைப்பாளர் அவ்வப்போது ஊருக்குப் போய்வந்து, டீ குடிக்கும்போது சொல்வாள். பெண்கள் பேசுவதைப் பேசிக் காட்டுவாள், நன்றாகவே காட்டுவாள். மற்றவர்களோடு நானும் சிரித்தேன்.

சான்றிதழ் சொன்ன நாளில் கிடைத்தது. ஈடுபாட்டோடும் நேர்மையோடும் பணியாற்றினார் என்று அச்சடித்திருந்தது. எல்லாருக்கும் அதே வாசகம்தான். வேறொரு கடையில் லேமினேட் செய்யக் கொடுத்தேன். அந்தப் பையன் ஓரத்தில் காற்றுக் குமிழ் விட்டுவிட்டான், நான் செய்திருந்தால் வந்திருக்காது. அடுத்த மாதமே கள உதவியாளர் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். தம்பி மனைவி நான் சாமான்களைக் கட்டும்போது கதவில் சாய்ந்து நின்று, "இனி எங்களையெல்லாம் ஞாபகம் வச்சிருப்பீகளா மதினி?" என்றாள். அரிசி மூட்டைகளுக்கு இடம் வந்துவிட்டது என்று அவளுக்கும் சந்தோஷம்தான். ஓர் அறையும் சமையல் மேடையும் உள்ள வீடு எனக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கறி எடுத்து நானே சமைத்து நானே சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அப்படி இருக்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

இரண்டு வருடம் கழித்து, புதிய தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். முதல் வகுப்பு ஒரு பழைய நகரத்தார் வீட்டில். இப்போது அது ஹோட்டல். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். அமைப்பின் வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து போனேன். வாசலில் நீலச் சட்டை போட்ட காவலாளி விசில் ஊதி நிறுத்தச் சொன்னார். அந்த விசில் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் காலை இழுத்துக்கொண்டு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

"தங்கச்சி. நல்லா இருக்கீகளா?"

இருக்கிறேன் என்று தலையாட்டினேன்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். நான் அன்னைக்கி துணி கட்டிக் குடுத்ததால உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துரலையே? எனக்குத் தெரியாது பாத்துக்கங்க. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன். அதுதான் மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

அன்று அலுவலக உள்ளறையில் நான் சொன்னதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"ஒண்ணும் வரலண்ணே" என்றேன்.

"அப்பச் சரி" என்றார். முகம் தெளிந்துவிட்டது. கேட்டைத் திறந்துவிட்டு, வேனை உள்ளே அனுப்பும்படி கையைக் காட்டினார்.

வகுப்பில் பதினைந்து பிள்ளைகள். வழிமுறைத் தாளைக் கொடுத்து வரி வரியாகச் சொன்னேன். இப்போது எனக்குப் பேச வருகிறது, தாள் தேவையில்லை. ஆறாவது வரிக்கு வந்தபோது முன்னால் இருந்த ஒரு பெண், "யாருக்கா தண்ணிய வடிகட்டி டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க? இதையெல்லாமா எழுதி வைக்கணும்?" என்று கேட்டாள்.

"ஒரு ஊர்ல காவக்காரர் ஒருத்தர் அப்படிச் செஞ்சாரு" என்றேன்.

கூடம் சிரித்தது. அந்த வீடுகளின் முற்றத்தில் சத்தம் நன்றாகச் சுற்றிவரும். சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு ஏழாவது வரிக்குப் போனேன்.

அந்த மாதிரி வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். சாயங்காலம் வேனை அனுப்பிவிட்டு, சமையல்கட்டைக் கடந்து பின்வாசல் வழியாக வெளியே வந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். பயிற்சி இப்போது மாதம் ஒருமுறை அங்கேதான் நடக்கிறது. பின்வாசலின் சாவி எங்கே தொங்கும் என்று சமையல்காரம்மா எனக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.